பொட்டு வைத்த இரண்டு டிஸ்க்குகள்

வெந்நீர் அடுப்பில் எரிந்தவை பதினேழு நோட்டுகள். எரிக்கச் சொன்னது நான்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரத்தில், வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பல வருஷமாக டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று வருவதெல்லாம் ஒரு பக்கத்து வேலை. அப்படிப்பட்டவளிடம் அச்சன்புதூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் தன் வாழ்க்கையை நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டு வந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். நான் அடிப்பேன், அவர் எதிரே உட்கார்ந்திருப்பார், அடித்து முடித்த நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். மூன்று வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் பக்கம் சேர்ந்தது. இடையிடையே பிரிண்ட் எடுத்துத் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்பார். முழுப் புத்தகமாகத்தான் கையில் வாங்குவேன் என்பது அவருடைய பிடிவாதம்.

ஒரு சாரல் சீசனில் அவர் வீட்டு மச்சு ஒழுகி நோட்டுகள் நனைந்துபோயின. அவர் மனைவி போனில் கேட்டபோது, "அதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே மதினி, பூஞ்சை புடிச்ச நோட்டை வச்சி என்ன செய்யப் போறிய" என்று ரொம்பத் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் இவர் எனக்கு மதினி. மதினி என் பேச்சை நம்பினார். ஒரு வாரம் அந்த வீட்டில் அண்ணாச்சி எழுத்தில்தான் வெந்நீர் காய்ந்தது.

அடுத்த வருஷம் அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. காது மட்டும் பழுதில்லை. புத்தகம் அடித்து முடிந்திருந்தது, பிழை பார்த்து அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நான்தான் கல்யாண சீசன் முடியட்டும், கொடை சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பென் டிரைவில் இருந்த ஒரே நகலையும், யாரோ ஒருவருடைய வளைகாப்புப் பத்திரிகைக்கு இடம் போதவில்லை என்று அழித்தேன். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போடவில்லை.

இப்போது நான் பயந்த கதைக்கு வருகிறேன்.

ஆனி மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் உறைந்து நிற்க ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது ஒழுங்காக இருக்கும். அண்ணாச்சி புத்தகம் இருக்கிற ஃபோல்டரைத் தொட்டால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு தானே அணைந்து மறுபடி எழும். நகல் எடுக்கப் போனாலும் அதே கதைதான். புத்தகத்தைத் திறந்தால் நாற்பதாம் பக்கம் வரை வரும், அதற்கு மேல் வராது.

முதலில் எனக்கு ஞாபகம் வந்தது பனியன்கள்தான். சாரல் விழுகிற மாதங்களில் எங்கள் பக்கம் துணி காயாது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் வருகிற சூட்டில் என் வீட்டுக்காரரின் பனியன்களையும், அவர் அருவியில் குளித்துவிட்டுக் கொண்டுவருகிற ஈரத்துண்டையும் நான் காயப்போடுவது வழக்கம். எத்தனையோ சீசன் அப்படித்தான் கழிந்தது. இந்தத் தடவை அந்த ஈரத்தையெல்லாம் அது உள்ளே வாங்கி வைத்துக்கொண்டதோ என்று தோன்றியது. துண்டை எடுத்துவிட்டு ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல அன்று முழுக்க அதன் பக்கத்திலேயே இருந்தேன்.

தென்காசியில் எனக்கு வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிற கடைக்காரர் வந்தார். ஃபேனை நிறுத்தினார், மூடியைக் கழற்றினார், உதட்டைப் பிதுக்கினார்.

"டிஸ்க் போவுது மேடம். இப்ப ஃபைல் ஃபைலா எடுக்க நெனைக்காதீங்க. மொத்தமா இமேஜ் எடுக்கணும். அதோட ஒரு விஷயம், உங்க பழைய தமிழ் சாஃப்ட்வேர் இதுக்குள்ள மட்டுந்தான் இருக்கு. அதுக்கு சிடியும் இல்ல, கம்பெனியும் இல்ல. ஃபைல மட்டும் புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனா வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும்."

டிஸ்க் இமேஜ் என்றால் என்ன என்று அன்றுதான் விளங்கியது. சாமான்களை மட்டும் வண்டியில் ஏற்றுவதல்ல, வீட்டையே சுவரோடும் கதவோடும் அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் இன்னோர் இடத்தில் வைப்பது. அதைச் செய்யத் தனி சாஃப்ட்வேர் உண்டு. எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டேன். எல்லாம் ஒன்றுதான் என்றார் அவர். எடுக்கும்போது டிஸ்க் நின்றுவிட்டால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்படியானால் அந்தப் பழியையும் நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேபிள்களை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் தாங்க முடியாததைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வேன்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க நாள் பார்த்தால் மறுநாள் ஆடி ஒன்று. என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். திருடனுக்குப் பயப்படாதவர், ஆடி மாதத்துக்குப் பயப்படுவார்.

"ஏட்டி, ஆடியில எவனாவது புதுசு வாங்குவானா? வாங்குன பொருளு நெலைக்காது. ஆவணி பொறக்கட்டும்" என்றார்.

"அதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா?"

"சும்மா வச்சிருந்தா எப்பிடிச் சாவும்? தொடாம இரு."

சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் ஆடியில் வாங்கி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் எனக்குள்ளும் வந்துவிட்டது. பயந்தவளுக்கு எந்தப் பயமும் பொருந்தும். கம்ப்யூட்டரை அணைத்து ஒரு சேலையால் மூடி வைத்தேன். ஆடி முழுக்க அந்த முன்னறையைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சேலையைப் பார்க்காமல் கடந்தேன்.

ஆடி நடுவில் மதினி வந்தார். தென்காசிக்கு மருந்து வாங்க வந்தவர், அப்படியே மேலகரம் வரைக்கும் வந்துவிட்டார்.

"பொஸ்தகம் என்னைக்குத் தங்கச்சி வரும்? அவியளுக்கு வாய்தான் இல்ல, தெனமும் கண்ணால கேக்காவ. சனிக்கெழமை ஆனா சட்டையப் போடச் சொல்லி இடது கையக் காட்டுதாவ, இங்கன வாரதுக்கு."

"ஆவணியில வந்துரும் மதினி. மழையா இருக்குல்லா, பேப்பர் நனையும்னு வச்சிருக்கேன்."

மதினி அந்தச் சேலையைப் பார்த்தார். ஈரம் படாமல் மூடி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. நல்லது என்று தலையை ஆட்டினார். அவர் போன பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆடி முழுக்கவும் போனில் நான் படித்தது டிஸ்க் இமேஜ் சாஃப்ட்வேர்களைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். ஒருவர் புகழ்வதை இன்னொருவர் திட்டுவார். கடைசியில் மூன்று மிஞ்சின. அவற்றின் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நிறத்தை வைத்தே கூப்பிட்டேன்.

நீலம் பார்க்க லட்சணமாக இருந்தது. பெரிய பெரிய படங்கள், அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போகலாம். இலவசம். ஆரஞ்சும் அழகுதான், ஆனால் முக்கால் வேலை முடிந்த பிறகு மீதிக்குப் பணம் கட்டச் சொல்லி அட்டை எண்ணைக் கேட்கிறது என்று ஒருவர் வயிறெரிந்து எழுதியிருந்தார். கறுப்பு வெறும் எழுத்து, கறுப்புத் திரையில் வெள்ளை ஆங்கிலம். கெட்டுப்போன டிஸ்க்குக்கு அதுதான் சரி, படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்து படிக்கும் என்றார்கள். கட்டளையை நாமே அடிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் எல்லாம் போகும் என்று அதே ஆட்கள் கீழே எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்ததும் நான் நீலத்துக்குப் போய்விட்டேன். நல்லதைத் தேர்ந்தெடுக்கவில்லை, பயம் குறைவாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆவணியில் முதல் வளர்பிறை முகூர்த்தத்தில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதை அப்படியே இறக்கி வைக்கக் கூடுதலாக ஒரு டிஸ்க்கும் வாங்கினேன். கடைக்காரர் எப்போதும் ஒரே கம்பெனிச் சரக்குதான் விற்பார். நான்கு வருஷத்துக்கு முன் பழைய கம்ப்யூட்டரில் மாட்டியதும் அதே கம்பெனி, அதே அளவு, தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போன்ற அதே கறுப்புத் தகடு. வீட்டுக்காரர் புதுப் பொருள்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார், பில்லின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி அறையில் வைத்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பொட்டு வைத்தது புதிது, பொட்டு இல்லாதது பழையது. தனியாக அடையாளம் எழுதி ஒட்ட வேண்டிய வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி, இரண்டையும் புதுக் கம்ப்யூட்டரில் கேபிளால் இணைத்து நீலத்தை ஓட்டினேன். பாதியைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குற்றாலத்து மலைப்பக்கமிருந்து காற்று வந்தது, கரண்ட் போனது. புது யுபிஎஸ் மறுநாள்தான் வருவதாக இருந்தது. அதுவரை பொறுத்திருக்கலாம் என்பது அந்த இருட்டில்தான் எனக்கு உறைத்தது. டிஸ்க்குகளைக் கழற்றி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். மேஜைமேல் இரண்டு டிஸ்க்குகளிலும் பொட்டு இருந்தது. இரண்டும் ஈரப் பொட்டு, ஒரே அளவு.

"நீங்களா வச்சிய?" என்று கேட்டேன்.

"ஆமா. புதுசுக்கு வச்சிட்டுப் பழசுக்கு வைக்கலேன்னா எப்பிடிட்டி? இத்தனை வருசம் சோறு போட்டதுல்லா. ரெண்டையும் தொடச்சிட்டு நல்லா வச்சிருக்கேன்" என்றார்.

அவர்மேல் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவர் செய்தது எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் செய்கிற மரியாதைதான். அடையாளத்தைப் பொட்டில் வைத்தவள் நான்.

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில்தான் அதன் எண் பொடி எழுத்தில் இருக்கும். சந்தனம் சரியாக அதன்மேல்தான் ஊறியிருந்தது. ஒன்றை ஈரத்துணியால் துடைத்தேன், சந்தனத்தோடு எழுத்தும் வந்துவிட்டது. அடுத்ததை நகத்தால் மெதுவாகச் சுரண்டினேன், தாளே கிழிந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஒன்று, என்னை ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. இன்னொன்று வட்டத்தைச் சுற்றிக்கொண்டே நின்றது. வட்டம் சுற்றுவது எனக்குப் பழகிய நோய், ஆகவே அது பழையது. ஃபார்மட் கேட்பது பாதியில் நின்றுபோன புதிது. இப்படி முடிவு செய்தேன்.

நீலத்தைத் திறந்தேன். டிஸ்க் இரண்டு, டிஸ்க் மூன்று. கம்பெனி ஒன்று, அளவு ஒன்று, முந்தின நாள் பாதி நகலானதால் உள்ளே இருந்த பகுதிகளின் பெயரும் ஒன்று. வட்டம் சுற்றியதை எங்கிருந்து என்ற இடத்திலும், மற்றதை எங்கே என்ற இடத்திலும் வைத்தேன். இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரவா என்று கேட்டது. சுட்டுவிரல் மவுஸ் மேல் இருந்தது. அந்த விரலை எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தேன் என்று தெரியாது. வீட்டுக்காரர் காப்பி கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது.

விரலை எடுத்தேன். ஆடி மாதம் முழுக்கப் படித்ததில் ஒரு வரி ஞாபகம் வந்தது. நகல் எடுப்பதற்கு முன்னால் டிஸ்க்கின் தொடர் எண்ணைக் காட்டாத எந்த சாஃப்ட்வேரையும் நம்பாதே என்று யாரோ எழுதியிருந்தார்கள். நீலம் காட்டவில்லை. எவ்வளவு தேடியும் அதில் அந்த எண் இல்லை. கறுப்பு காட்டும்.

அழகில்லை என்று ஒதுக்கிய கறுப்பை இறக்கினேன். போனில் ஒரு வரியைப் பார்ப்பது, ஓர் எழுத்தை அடிப்பது, திரும்பவும் பார்ப்பது என்று டிஸ்க்குகளின் பட்டியலை வரவழைக்கவே அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்ததில் இரண்டு நீள எண்கள் வந்தன. சாமி அறையிலிருந்து பில்லை எடுத்து வந்தேன். வாரண்டிக்காகக் கடைக்காரர் புது டிஸ்க்கின் எண்ணைக் கையால் எழுதியிருந்தார். மஞ்சள் மூலைகளோடு நின்றுவிட்டது, எண்ணின்மேல் படவில்லை. ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டேன். பில்லில் இருந்தது வட்டம் சுற்றியதன் எண். நான் பழையது என்று நினைத்ததுதான் புதிது.

ஃபார்மட் செய்யவா என்று கேட்டதில்தான் அண்ணாச்சி இருந்தார். அன்று காலை அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், பாதி வெறுமையை அவர்மேல் நானே கொட்டி மூடியிருப்பேன். பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

யுபிஎஸ் வந்த பிறகு கறுப்பை ஓட்டினேன். கட்டளையை அடித்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பில்லை அவர் கையில் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். வாசிப்பது போல எண்ணை வாசிக்கச் சொன்னேன். அவர் மூன்று தடவை வாசித்தார். நான் மூன்று தடவை திரையில் பார்த்தேன். பிறகுதான் எண்டரைத் தட்டினேன். அன்று சாயங்காலம் வரை அது ஓடியது. கீழே ஓர் ஓரத்தில் படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்து, திரும்பத் திரும்ப முயன்று குறைந்து, பதினான்கில் நின்றது. அதன் பிறகு பழைய டிஸ்க் எதிலும் உயிர் பெறவில்லை.

நகலைப் பழைய கம்ப்யூட்டரிலேயே மாட்டினேன். தமிழ் சாஃப்ட்வேர் திறந்தது. நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியது. நூற்றைத் தாண்டியது. நான் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் எழுத்து நின்று கட்டங்கள் தொடங்கின. இரண்டு பக்கம் முழுக்கக் கட்டங்கள். அதற்கப்புறம் கடைசி வரை சுத்தம்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன். அண்ணாச்சி எல்லையில் இருந்தபோது ஊரில் மூத்த பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனது. செய்தி கேட்டு லீவில் வந்தவர், தென்காசியில் ரயிலிலிருந்து இறங்கி டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரலில் நடந்தார். அச்சன்புதூருக்குச் சற்று முன்னால் ஓர் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வண்டிக்காரன் அவரை அடையாளம் தெரியாமல் கடந்து போனான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை என்று ஒரு வரி இருந்தது. அங்கே உட்கார்ந்து என்ன நினைத்தார், என்ன செய்தார் என்பதுதான் மீதியெல்லாம். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அடிக்கிறவர்களுக்கு வார்த்தை கண் வழியாக வந்து விரல் வழியாகப் போய்விடும், உள்ளே தங்காது.

நோட்டு இல்லை. அவருக்குப் பேச்சு இல்லை. மூன்று நாள் கழித்து நானே எழுதினேன். பெட்டி, சாரல், பாலம், வண்டிக்காரன். பிறகு, "அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்" என்று எழுதினேன். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் வேறென்ன செய்வான் என்று தோன்றியது. சரியாக இரண்டு பக்கம் வரும்படி நிரப்பினேன்.

மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சன்புதூருக்குப் போனேன். போனதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தாள்கட்டை அவர் மடியில் வைத்தேன். இடது கையால் அதன் விளிம்பைத் தடவினார். என்னால் சொல்ல முடியவில்லை.

மதினி படிக்கச் சொன்னார். "ஒரு வெரலத் தூக்குனா இன்னொரு தடவ படிக்கச் சொல்லுதாவன்னு அர்த்தம். உள்ளங்கையக் காட்டுனா போதும்பாவ" என்று விளக்கினார். அன்று பாதி, அடுத்த ஞாயிறு மீதி என்று படித்தேன். அவர் கண்ணை மூடியே கேட்டார். விரலையும் தூக்கவில்லை, உள்ளங்கையையும் காட்டவில்லை. இருநூற்றுப் பதினோராம் பக்கம் வந்தது. என் குரலை மாற்றாமல் படித்தேன்.

மதினி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அழுதாவளா?" என்றார். "வீட்டுக்குள்ள வந்து ஒரு சொட்டுத் தண்ணி விடல தங்கச்சி. கல்லு மாதிரி நின்னாவ. புள்ள செத்ததுக்குக்கூட அழாத ஆளுன்னு இத்தனை வருசமா மனசுக்குள்ள வச்சிக்கிட்டே இருந்தேன். அங்கன ஒக்காந்து அழுதுட்டுத்தான் வந்திருக்காவ."

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு வருஷத்தில் அந்த மனுஷரை அவர் தொட்டதை நான் பார்த்ததில்லை. அப்போது அந்தச் செயலற்ற வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மதினியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையில் ஒரு விரலைத் தூக்கினார்.

நான் அந்த இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தேன். முடித்ததும் நிமிர்ந்தேன். விரல் இன்னும் தூக்கியபடியே இருந்தது.